ஹவானாவுக்குப் போன கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தபோது

2023 ஜூனில் சென்னையிலிருந்து ஒரு சொகுசுக் கப்பல் இலங்கைக்கு வரத் தொடங்கியது. ஜூன் 5ஆம் திகதி முதல் பயணத்தை இந்திய மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் கொடியசைத்து அனுப்பி வைத்தார். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகம். கப்பலின் பெயர் எம்பிரஸ், ஓட்டுவது கோர்டேலியா என்ற இந்தியக் கம்பனி. எங்கட வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்ததும் ஆளுக்கொன்று சொன்னோம். "டிக்கட் எவ்வளவாம்?" என்று ஒருத்தர். "இது ஷாருக் கான்ட மகன் மாட்டின கப்பல்தானே?" என்று இன்னொருத்தர். அதுவும் சரிதான். 2021 ஒக்டோபரில் மும்பையில் அந்தப் போதைப்பொருள் வழக்கில் அடிபட்ட கப்பல் இதுதான். (அடுத்த வருடமே ஆதாரம் இல்லையென்று அவரை வழக்கிலிருந்து விட்டுவிட்டார்கள், அதை மட்டும் யாரும் ஷெயார் பண்ணவில்லை.)

ஆனால் இந்தக் கப்பலுக்குப் பின்னால் அதைவிடப் பெரிய வழக்கு ஒன்று கிடக்கு. பழைய பெயரைத் தேடிப் பார்த்தபோதுதான் அது எங்களுக்குத் தெரிய வந்தது.

1990இல் பிரான்சில் நோர்டிக் எம்பிரஸ் என்ற பெயரில் கட்டி முடித்த கப்பல் இது. பெயரும் கையும் மாறி மாறி, 2017 ஏப்ரல் தொடக்கம் 2019 ஜூன் வரை எம்பிரஸ் ஒஃப் த சீஸ் என்ற பெயரோடு ரோயல் கரீபியன் கம்பனிக்காக அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து கியூபாவின் ஹவானாவுக்கு ஓடியது. 1962இலிருந்து அமெரிக்கா வர்த்தகத் தடை போட்டு வைத்திருக்கிற ஒரு நாட்டுக்கு அமெரிக்கர்களையே ஏற்றிக்கொண்டு போன கப்பல், நாலு வருடம் கழித்துக் காங்கேசன்துறையில் வந்து நிற்குது. காங்கேசன்துறைக்கும் தடை என்றால் என்னவென்று நல்லாத் தெரியும். அதுக்குப் பிறகு வருவோம்.

தடை போட்ட நாட்டுக்கு உல்லாசக் கப்பலில் போவது சரியா பிழையா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்ததுதான். எல்லாரும் ஒரே முடிவுக்கு வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லி விடுகிறோம்.

முதலில் கியூபாத் தடையைப் பற்றிக் கொஞ்சம். 1962 பெப்ரவரியில் ஜனாதிபதி கென்னடி அதில் கையெழுத்துப் போட்டார். போடுவதற்கு முன் தன் ஊடகச் செயலாளர் பியர் சாலிஞ்சரைக் கூப்பிட்டு, நாளைக் காலைக்குள் ஆயிரம் கியூபாச் சுருட்டு வேணும் என்றாராம். சாலிஞ்சர் 1,200 சுருட்டோடு வந்து நின்ற பிறகுதான் பேனாவை எடுத்தார். இதைப் பின்னாளில் எழுதி வைத்ததும் சாலிஞ்சரேதான். தடை என்பது போடுகிறவருக்கு எப்படி, அதற்குள் இருக்கிறவருக்கு எப்படி என்று விளக்க இதைவிட நல்ல கதை எங்களுக்குக் கிடைக்கவில்லை.

பயணத்தைப் பொறுத்தவரை அமெரிக்கச் சட்டம் ஒரு வேடிக்கையான வேலை செய்யுது. தன் குடிமகனைப் பார்த்துக் "கியூபாவுக்குப் போகாதே" என்று அது நேராகச் சொல்லாது. "அங்கே காசு செலவழிக்காதே" என்றுதான் சொல்லும். காசில்லாமல் எங்கே போய்த் தங்குவது, என்னத்தைச் சாப்பிடுவது? 1977இல் ஜனாதிபதி கார்ட்டர் இந்த விதியைப் புதுப்பிக்காமல் விட்டார். உடனே அந்த வருடம் மே மாதம் டாஃப்னி என்ற கப்பல் நியூ ஓர்லியன்ஸிலிருந்து ஹவானாவுக்குப் போனது. டிஸி கிலெஸ்பி, ஸ்டான் கெட்ஸ், ஏர்ல் ஹைன்ஸ் என்று ஜாஸ் உலகத்தின் பெரிய ஆட்கள் அதில் இருந்தார்கள். ஹவானாவில் ஒரு இளைஞர் தன் காரில் கிலெஸ்பியை ஏற்றிக்கொண்டு நகரம் முழுக்கச் சுற்றிக் காட்டினார். பின்னேரம் மேடையில் டிரம்பெட்டோடு நின்றது அதே டிரைவர். ஆர்துரோ சாண்டோவால். வாழ்நாள் முழுக்க இருவரும் நண்பர்கள். 1990இல் கிலெஸ்பியோடு ஐரோப்பாவில் வாசித்துக்கொண்டு திரிந்த வேளையில்தான் சாண்டோவால் கியூபாவை விட்டே வெளியேறினார்.

ஒரு கப்பல் பயணத்தால் இவ்வளவும் நடக்கலாம் என்பதற்காக இதைச் சொல்கிறோம். அதேவேளை, டாஃப்னியில் போனவர்கள் பாட்டுக் கேட்கவும் ஆளைச் சந்திக்கவும் போனார்கள். எம்பிரஸில் போனவர்களில் எத்தனை பேர் அப்படிப் போனார்கள் என்பது வேறு கேள்வி.

1982இல் ரீகன் அந்தக் கதவைத் திரும்பப் பூட்டினார். நீதிமன்றம் போனார்கள். 1984இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் பூட்டினது சரியென்றது. 1992இல் வந்த சட்டம் கப்பல்களையே பிடித்தது: வியாபாரத்துக்காகக் கியூபாத் துறைமுகத்தைத் தொட்ட கப்பல், அடுத்த 180 நாளைக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ முடியாது. எந்த நாட்டுக் கப்பலாக இருந்தாலும்தான். சின்னத் தீவு ஒன்றுக்கு மருந்தும் மாவும் கொண்டு போகிற கப்பல்காரன் இதைக் கேட்டால் என்ன கணக்குப் போடுவான்? கியூபாவை விட்டுவிடுவான், அல்லது கூலியைக் கூட்டுவான். 1996இல் ஹெல்ம்ஸ்-பேர்ட்டன் சட்டம் இன்னும் இறுக்கியது. 2000ஆம் ஆண்டில் சும்மா சுற்றுலாவுக்காகப் போவதைச் சட்டமாகவே தடுத்தார்கள். குடும்பத்தைப் பார்க்க, சமய வேலையாக, ஆய்வுக்காக என்று 12 வகைக்குள் அடங்கினால் மட்டும் போகலாம்.

2014 டிசம்பரில் ஒபாமாவும் ராவுல் காஸ்ட்ரோவும் உறவைத் திரும்பத் தொடங்குவதாக அறிவித்த பிறகுதான் கப்பல்கள் வந்தன. முதலில் போனது 2016 மே 1ஆம் திகதி மயாமியில் புறப்பட்ட அடோனியா. அதற்குள்ளும் ஒரு பிரச்சினை. கியூபாவில் பிறந்த ஒருவர் கடல் வழியாக நாடு திரும்பக் கூடாது என்று கியூபா அரசு சட்டம் வைத்திருந்தது. கப்பல் கம்பனியும் அதற்கேற்ப, கியூபாவில் பிறந்த அமெரிக்கர்களுக்கு டிக்கட் இல்லை என்றது. யோசித்துப் பாருங்கள். யாரோ ஒரு டெக்ஸாஸ்காரர் போகலாம், ஹவானாவில் பிறந்தவர் தான் பிறந்த ஊருக்குப் போக முடியாது! ஆர்ப்பாட்டம், வழக்கு எல்லாம் வந்தது. கம்பனி பயணத்தையே தள்ளிப்போடுவோம் என்ற பிறகு, ஏப்ரல் 22ஆம் திகதி கியூபா சட்டத்தை மாற்றியது. அமெரிக்காவின் தடையை ஏசும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேணும். கியூபா அரசும் தன் ஆட்களுக்குத் தடை போட்டிருந்தது.

மூன்று வருடம் கப்பல் ஓடியது. 2019 ஜூன் 5ஆம் திகதி ட்ரம்ப் நிர்வாகம் ஒரே நாளில் நிறுத்தியது. ஏறத்தாழ 8 லட்சம் பேரின் முன்பதிவு குழம்பிப் போனதாகக் கப்பல் கம்பனிகளின் சங்கம் சொன்னது. நடுக்கடலில் நின்ற கப்பல்கள் வேறு துறைமுகத்துக்குத் திரும்பின. சொன்ன காரணங்களில் ஒன்று, கியூபா வெனிசுவேலாவின் மதுரோ அரசுக்கு முட்டுக் கொடுக்குது என்பது.

வெனிசுவேலா என்றதும் சாய்ந்தமருதுக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவீர்கள். எங்கட ஊரில் சுனாமிக்குப் பிறகு எழும்பின பொலிவேரியன் கிராமத்துக்கு அந்தப் பெயர் வந்தது வெனிசுவேலாவின் உதவியால்தான். சைமன் பொலிவாரின் பெயர் எங்கட வாயில் வொலிவேரியன் ஆகிக் கிடக்கு. அமெரிக்கத் தடைக்குள் இருக்கிற ஒரு நாட்டின் பெயரில் எங்கட ஆட்கள் தினமும் முகவரி எழுதுகிறார்கள். தடை என்பது டிவியில் வாற தூரத்து விஷயம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டு இருந்தது எவ்வளவு பிழை!

அந்த வழக்கு என்னவென்று இப்போது சொல்கிறோம். ஹவானாத் துறைமுகத்தில் கப்பல் கட்டுகிற இறங்குதுறையை நடத்தும் உரிமை, புரட்சிக்கு முன் ஹவானா டொக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பனியிடம் இருந்தது. 1960இல் காஸ்ட்ரோ அரசு அதைப் பறித்தது. எங்கட சொத்தைப் பாவித்துக் காசு உழைத்தீர்கள் என்று அந்தக் கம்பனி கார்னிவல், ரோயல் கரீபியன், நோர்வீஜியன், எம்எஸ்சி ஆகிய நாலு கப்பல் கம்பனிக்கும் எதிராக வழக்குப் போட்டது. 2022இல் மயாமி நீதிபதி பெத் புளூம் கப்பல் கம்பனிகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார். கம்பனிகள் காட்டிய "மக்களோடு மக்கள் சந்திப்பு" எல்லாம் சட்டம் தடுத்த சுற்றுலாதான் என்றார். ஒவ்வொரு கம்பனியும் ஏறத்தாழ 110 மில்லியன் டொலர் கட்ட வேணும் என்றார். 2024 ஒக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது: அந்த உரிமை எப்படியும் 2004இல் முடிந்திருக்கும், கப்பல்கள் வந்ததோ 2016க்குப் பிறகு. வழக்கு அத்தோடும் நிற்கவில்லை.

நாங்கள் இதில் கவனித்தது ஒன்றுதான். இவ்வளவு பெரிய தொகைகள் பேசப்பட்ட வழக்கில், கியூபாவில் கார் ஓட்டின ஒருவருக்கோ வீட்டில் அறை வாடகைக்கு விட்ட ஒருவருக்கோ ஒரு இடமும் இல்லை.

இனி எங்கட வாக்குவாதத்துக்கு வருவோம். எங்களில் ஒருவர், அரசறிவியல் படிக்கிறவர், போகவே கூடாது என்றார். அவர் சொன்ன காரணம் லேசானது இல்லை. கியூபாவில் பெரிய ஹோட்டல்கள், சுற்றுலாக் கம்பனிகள் நிறைய இராணுவத்தின் கையில் இருக்கு. கெய்சா என்ற இராணுவ வர்த்தகக் கூட்டுக்குக் கீழேதான் கவியோட்டா என்ற ஹோட்டல் கம்பனி வருது. நீங்கள் கொடுக்கிற டொலர் அங்கே போய் விழும், எழுதினதுக்காக ஆட்களைச் சிறையில் போடுகிற அரசுக்கு அது தெம்பு என்றார்.

இதை மறுக்க எங்களால் முடியவில்லை. ஏனென்றால் இது எங்கட மாவட்டத்திலேயே நடந்த கதை. அறுகம்பைக்குத் தெற்கே பானமவில் 2010இல் குடும்பங்களை விரட்டிவிட்டுக் கடற்படையும் விமானப்படையும் காணிகளைப் பிடித்தன. பிறகு அங்கே கடற்படையின் உல்லாச விடுதி வந்தது. 2015இல் காணியைத் திருப்பிக் கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்த பிறகும் சனங்கள் வருடக்கணக்கில் அலைந்தார்கள். வடக்கே போனால் காங்கேசன்துறையில், உயர் பாதுகாப்பு வலயம் என்று சனத்தை வெளியே வைத்திருந்த கரையில், இராணுவம் தல்செவன என்ற விடுதியை நடத்தியது. 2012 கடைசியில் லோன்லி பிளானட் வழிகாட்டி, 2013இல் போக வேண்டிய நாடுகளில் முதலிடம் இலங்கைக்கு என்று அறிவித்தபோது, புலம்பெயர்ந்த தமிழர்களும் மனித உரிமை அமைப்புகளும் கொதித்தது இதனால்தான். சிலர் இலங்கைக்கே போகாதீர்கள் என்றார்கள். சிலர், போங்கள், ஆனால் எந்த ஹோட்டல் யாருடையது என்று பார்த்துப் போங்கள் என்றார்கள்.

இரண்டாவது கூட்டத்தோடுதான் எங்களில் அதிகம் பேர் நிற்கிறோம். அதற்குக் காரணம் யாழ்ப்பாணத்தின் தடை.

1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கிய பிறகு, புலிகளின் கையில் இருந்த வடக்குக்கு அரசாங்கம் பொருளாதாரத் தடை போட்டது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்பு, யூரியா, மெழுகுதிரி என்று பட்டியல் நீண்டது. கரண்ட் இல்லை. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுப் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்து கொழும்புக்குப் போன கதையை யாழ்ப்பாண நண்பர்களின் வீடுகளில் இப்போதும் கேட்கலாம். 1994இல் சந்திரிகா வந்து தளர்த்தினார், 1995இல் யுத்தத்தோடு திரும்ப இறுகியது, 2002இல்தான் பெரும்பாலும் நீங்கியது. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதியைப் பூட்டியபோது திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் ஓடிய கப்பலுக்காகச் சனம் நாள்கணக்கில் பேர் பதிந்து காத்துக் கிடந்தது. எம்பிரஸ் கப்பல் 2023இல் ஓடினது அதே கடல்தான்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேணும். நாங்கள் அந்தத் தடைக்குள் வாழ்ந்தவர்கள் இல்லை, அந்தத் துயரத்தை எங்கட துயரம் என்று எழுத எங்களுக்கு உரிமையும் இல்லை. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் பொறுத்தவரை கதை வேறு: 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறுங்கள் என்று புலிகள் அவர்களுக்கு உத்தரவு போட்டார்கள். அவர்கள் தடையிலிருந்து தப்பவில்லை, ஊரையே இழந்தார்கள். ஆகவே தடைக்குள் இருந்த ஒரு இடத்தைப் பற்றிப் பேசும்போது, உள்ளே இருந்த அதிகாரமும் யாரையோ நெரித்துக்கொண்டிருந்தது என்பதை மறக்க முடியாது. கியூபாவுக்கும் இதே கணக்குத்தான்.

இந்தக் காலத்தில் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் எங்கே இருந்தார்கள்? பெந்தோட்டையிலும் ஹிக்கடுவையிலும் இருந்தார்கள். 1994இல் மட்டும் 4 லட்சத்து 7 ஆயிரம் பேர் இலங்கைக்கு வந்தார்கள். தடை போட்ட அரசாங்கத்தின் நாட்டில் வெயில் காய்ந்துவிட்டுப் போனார்கள். அவர்கள் அன்றைக்கு வராமல் விட்டிருந்தால் யாழ்ப்பாணத்துக்கு ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் கூடப் போயிருக்குமா? எங்களுக்கு நம்பிக்கையில்லை. ஆனால் அவர்களில் பத்துப் பேர் வடக்கே போய்ப் பார்த்திருந்தால், ஜாம் போத்தல் விளக்கை ஒரு ஐரோப்பியப் பத்திரிகையில் எழுதியிருப்பார்கள். தடைக்குள் இருக்கிறவனுக்குப் பொருள் தட்டுப்பாட்டைப் போலவே கொடியது, தன்னை ஒருத்தரும் வந்து பார்க்கவில்லை என்பது.

அப்படியென்றால் பகிஷ்கரிப்பே பிழையா? 2023 கடைசியிலிருந்து காசாவுக்காகச் சில சோடாவையும் சில சவர்க்காரத்தையும் கையாலும் தொடாத ஆட்கள் நாங்கள். எங்கட அரசறிவியல் நண்பர் இந்த இடத்தில் எங்களை நல்லாப் பிடித்துக்கொண்டார். "அதுக்கு ஒரு நியாயம், இதுக்கு ஒரு நியாயமா?"

இதற்குப் பதில் தேடித்தான் இரண்டு பழைய கதைகளைத் தோண்டினோம். 1982இல் பந்துல வர்ணபுரவின் தலைமையில் இலங்கைக் கிரிக்கெட் வீரர்கள் ஒரு கூட்டமாகத் தென்னாபிரிக்காவுக்குப் போய் விளையாடினார்கள். அரோசா ஸ்ரீ லங்கா என்று அந்த அணிக்குப் பெயர். நிறவெறி அரசைப் பகிஷ்கரித்த காலம் அது. திரும்பி வந்தவர்களுக்கு 25 வருடத் தடை விழுந்தது. போனது பிழை என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஏன்? போகாதே, வாங்காதே என்று கேட்டது தென்னாபிரிக்கக் கறுப்பின மக்களின் இயக்கம். 1959இலேயே அல்பர்ட் லுதுலி அந்த அழைப்பை விட்டார், அது தங்களுக்கும் கஷ்டம் தரும் என்று தெரிந்துகொண்டே.

மற்றது பர்மா. 1996ஐ மியன்மார் வருகை ஆண்டு என்று இராணுவ ஆட்சி அறிவித்தபோது, வராதீர்கள் என்று கேட்டவர் ஆங் சான் சூகி. பயணிகளுக்காக இடங்களைத் துப்புரவாக்கச் சனங்களைப் பிடித்துக் கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள். பதினைந்து வருடம் கழித்து அவருடைய கட்சியே நிலைப்பாட்டைத் தளர்த்தியது: தனியாக வந்து சனங்களோடு பழகுகிறவர்கள் வரலாம், பெரிய கூட்டச் சுற்றுலா வேண்டாம். (அதே சூகி 2019 டிசம்பரில் ஹேக் நீதிமன்றத்தில் ரோஹிங்கியா விஷயத்தில் இராணுவத்துக்காகப் பேசினதை நாங்கள் மறக்கவில்லை. ஆனாலும் அந்த இரண்டாவது நிலைப்பாடு நல்ல நிலைப்பாடு.)

கியூபாவில் யார் என்ன கேட்டார்கள்? 2010 ஜூனில், பயணத் தடையை நீக்குங்கள், அமெரிக்கர்களை வரவிடுங்கள் என்று அமெரிக்கக் காங்கிரசுக்கு ஒரு கடிதம் போனது. அதில் கையெழுத்துப் போட்ட 74 பேரும் காஸ்ட்ரோ அரசை எதிர்த்தவர்கள். வலைப்பதிவர் யோவானி சாஞ்செஸ் அதில் ஒருவர், உண்ணாவிரதம் இருந்து சாகக் கிடந்த கியேர்மோ ஃபரினாஸ் இன்னொருவர். எதிர்ப்பாளர்கள் எல்லாரும் இதை ஒத்துக்கொள்ளவில்லை, தடை இருக்கட்டும் என்று எழுதினவர்களும் இருந்தார்கள். ஆனாலும் உள்ளே இருந்து அடி வாங்குகிறவர்களில் ஒரு பெரிய பகுதி "வாங்க" என்று சொல்லும்போது, மயாமியில் இருந்துகொண்டு "போகாதே" என்பது கணக்கில் சேராது. ஐ.நா. பொதுச்சபையில் 1992இலிருந்து இந்தத் தடைக்கு எதிராக வாக்களித்து வருகிறார்கள், இலங்கையும் சேர்த்துத்தான். 2024இல் 187 நாடு ஒரு பக்கம், அமெரிக்காவும் இஸ்ரேலும் மற்றப் பக்கம்.

இலங்கை இதில் புதிய ஆளும் இல்லை. கொரிய யுத்த காலத்தில், 1951இல், சீனாவுக்கு இறப்பர் போன்ற பொருட்களை விற்கக் கூடாது என்று ஐ.நா. தடை கொண்டுவந்தது. இங்கே அரிசிப் பஞ்சம், இறப்பருக்கோ விலையில்லை. 1952 டிசம்பரில் இலங்கை சீனாவோடு ஒப்பந்தம் போட்டது: வருடத்துக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி எடுப்பது, ஐந்து வருடத்துக்கு. அமெரிக்க உதவி கிடைக்காது என்று தெரிந்தும் போட்டது. அப்போது நாங்கள் ஐ.நா.வில் சேரக்கூட இல்லை. தடையை மீறி வந்த அரிசியைத் தின்றுதான் எங்கட பாட்டன்மார் அந்த வருடங்களைத் தள்ளினார்கள். இப்போது இங்கே இருந்துகொண்டு, தடை என்றால் தடைதான், மீறுவது பாவம் என்று எப்படிச் சொல்லுவது?

கடைசியாக எங்கட ஊர். 2019 ஏப்ரல் 26ஆம் திகதி இரவு வொலிவேரியன் கிராமத்தில் நடந்ததை இங்கே விபரமாக எழுத மனமில்லை. ஈஸ்டர் தாக்குதல்காரர்களோடு தொடர்பான ஆட்கள் ஒரு வீட்டில் இருந்தார்கள், துப்பாக்கிச் சண்டையும் வெடிப்பும் நடந்தது, குழந்தைகள் உட்படப் பலர் இறந்தார்கள். அவர்களைப் பற்றித் தகவல் கொடுத்ததும் எங்கட ஊர்ச் சனம்தான். ஆனால் அடுத்த நாள் உலகத்துக்குத் தெரிந்தது சாய்ந்தமருது என்ற பெயர் மட்டும். வெளிநாடுகள் பயண எச்சரிக்கை விட்டன. மே மாதம் நாட்டுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 37,802 பேர், முந்தைய வருடத்தை விட 70 வீதத்துக்கு மேல் குறைவு. பொத்துவில், அறுகம்பைப் பக்கம் சீசன் தொடங்குகிற நேரம் அது. ஓட்டோக்காரர், அறை வாடகைக்கு விடுகிறவர், மீன் கொடுக்கிறவர் என்று குண்டு வைத்தவனை முன்பின் தெரியாத ஆட்கள் அந்த வருடத்தை இழந்தார்கள். நாட்டுக்குள்ளேயும் முஸ்லிம் கடைக்குப் போகாதே என்ற பிரசாரம் நடந்தது. (அறுகம்பைக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்ற இப்போதைய சண்டை வேறொரு கட்டுரைக்கு உரியது.)

ஒரு ஊரை, ஒரு நாட்டை, மொத்தமாகத் தொடாமல் விடுவது எப்படி இருக்கும் என்று எங்களுக்கு ஒரு சின்ன அளவில் தெரியும். 2019 ஏப்ரலில் நாங்கள் அதைப் பார்த்தோம், ஜூனில் ஹவானாவில் கார் ஓட்டுகிறவர்கள் அதைப் பார்த்தார்கள். அவர்களும் மதுரோவுக்கு ஒன்றும் செய்யவில்லை.

ஆக, போகலாம் என்கிறோம். ஆனால் கப்பலில் போவதைப் பற்றி எங்களுக்கு வேறு அபிப்பிராயம். உல்லாசக் கப்பல் பயணி கப்பலிலேயே தூங்குகிறார், கப்பலிலேயே சாப்பிடுகிறார், காலையில் இறங்கிப் பின்னேரம் ஏறிவிடுகிறார். துறைமுகக் கட்டணம் அரசாங்கத்துக்கு, டிக்கட் காசு கம்பனிக்கு. பஸ்ஸில் ஏற்றிக் காட்டுகிற இடத்துக்கு வெளியே அவர் கால் படுவது குறைவு. கியூபாவில் வீடுகளில் அறை கொடுக்கிறார்கள், வீட்டோடு சேர்ந்த சின்னச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கு. அங்கே நாலு நாள் தங்குகிற ஒருவர் விடுகிற காசும் கேட்கிற கதையும் கப்பல்காரரிடம் கிடைக்காது. தடையை எதிர்க்கிறவரும் ஆதரிக்கிறவரும் ஒன்றாகச் சந்தேகப்பட வேண்டிய பயணம் இருக்குமென்றால் அது இதுதான். ஆனாலும் 1977 டாஃப்னியை நினைத்தால் இதையும் முழுக்கச் சொல்ல வாய் வருகுதில்லை.

காங்கேசன்துறையில் எம்பிரஸ் நின்றதும் சில மணித்தியாலம்தான். 2013இல் திறந்த எங்கட ஒலுவில் துறைமுகத்துக்கு அப்படி ஒரு கப்பலும் வராது, வாயிலை மண் மூடிக் கிடக்கு. வந்தால் இறங்குகிறவர்களை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று ஒரு இரவு முழுக்கப் பட்டியல் போட்டோம். முதல் பெயராக வொலிவேரியன் கிராமத்தைச் சொன்னவர், போகவே கூடாது என்று வாதாடின அதே அரசறிவியல் நண்பர். கேட்டால், அது வேறு, இது வேறு என்கிறார். மறுப்புக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறோம். எழுதித் தந்தால் இதே பக்கத்தில் போடுவோம்.